பிள்ளைப்பேறு தேடிய வழிகள்

நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நம்பித் தாராவிக்கு வந்தவர்களும், தஞ்சாவூர், பாலக்காடு முதலிய இடங்களிலிருந்து ஆங்கிலப் படிப்பையும் குமாஸ்தா உத்தியோகத்தையும் துணையாகக் கொண்டு மாட்டுங்காவில் குடியேறியவர்களும், பின்னொரு தலைமுறையில் செம்பூரில் வீடு வாங்கி நிலைத்தவர்களும், பம்பாய் மாநகரத்துக்குத் தங்கள் மொழியையும் தெய்வங்களையும் கொண்டுவந்த வரலாறு பலராலும் எழுதப்பட்டிருக்கிறது. மாட்டுங்காவில் 1923-இல் ஆஸ்திக சமாஜம் தோன்றியதும், 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியதும் அந்த வரலாற்றின் பெருமைக்குரிய பக்கங்கள். அதே வீடுகளுக்குள் பிள்ளையில்லாத தம்பதிகள் பிள்ளை தேடி அலைந்த வழிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை எழுதினோர் குறைவு. தத்து, இரண்டாந்தாரம், பிரார்த்தனை, சோதனைக்குழாய், வாடகைத் தாய் என்று தலைமுறைக்குத் தலைமுறை அந்த வழிகள் மாறி வந்தன. ஆனால் எந்த வழியாயினும் அதன் பாரத்தைத் தாங்கியவள் யாரோ ஒரு பெண்ணாகவே இருந்தாள் என்பதும், அவளுடைய பங்கைச் சமூகமும் சட்டமும் கண்டுகொண்டது எப்போதும் காலங்கடந்தே என்பதும் மட்டும் மாறவில்லை.

ஓர் இந்துக் குடும்பம் தன் தாயகத்தை விட்டு வேறு மாகாணத்தில் குடியேறினால், வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரையில், தாயகத்துச் சட்டமே அதனைப் பின்தொடரும் என்பது ஆங்கிலேயர் காலத்து நியாயஸ்தலங்கள் ஏற்றுக்கொண்டிருந்த கொள்கை. இக்கொள்கையின் விளைவு மிகக் கூர்மையாகப் புலப்பட்ட விஷயம் சுவீகாரம் என்னும் தத்து. கணவனுடைய அனுமதியின்றி ஸ்திரீ பிள்ளையைக் கொடுக்கவோ கொள்ளவோ கூடாது என்னும், தர்மசாஸ்திரம் சொன்ன வசிஷ்டரின் ஒரே வாக்கியத்துக்குத் தேசத்தின் நான்கு பகுதிகளில் நான்கு விதமாகப் பொருள் கொள்ளப்பட்டது. மிதிலையில் சுவீகாரம் நடக்கும் தருணத்திலேயே கணவன் உயிரோடிருந்து சம்மதிக்க வேண்டும் என்றார்கள். வங்காளத்தில் அவன் உயிரோடிருந்தபோது கொடுத்த அனுமதி போதும் என்றார்கள். திராவிட தேசத்தில் அந்த அனுமதி இல்லாவிடினும் சபிண்டர்களான பங்காளிகள் இசைந்தால் விதவை பிள்ளை கொள்ளலாம் என்பது, இராமநாதபுரம் சமஸ்தானத்தைப் பற்றிய வழக்கில் 1868-இல் லண்டன் பிரிவி கவுன்சிலால் உறுதியாயிற்று. மராட்டிய தேசத்திலோ, அந்த வாக்கியம் கணவன் உயிரோடிருக்கும் பெண்ணைக் குறித்தது மட்டுமே, ஆதலால் விதவைக்கு அது தடையன்று என்று கொள்ளப்பட்டது. இதன்படி, தாதரில் வாழ்ந்த மராட்டிய விதவை தன் விருப்பப்படி பிள்ளை கொள்ளலாம் என்றிருக்க, அடுத்த பேட்டையாகிய மாட்டுங்காவில் வாழ்ந்த தமிழ் விதவை, தன் ஊரிலிருந்த பங்காளிகளின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டியவளானாள். அவள் பிள்ளை கொண்டால் தங்கள் பாத்தியதை குறையும் என்று அஞ்சக்கூடியவர்களிடமே அவளுடைய தாய்மை ஒப்படைக்கப்பட்டிருந்தது.

கொள்பவளின் நிலை இதுவானால், கொடுப்பவளின் நிலை இன்னும் பரிதாபகரமானது. பழைய சட்டத்தில் பிள்ளையைத் தத்துக் கொடுக்கும் அதிகாரம் தகப்பனுடையது. பெற்றவளின் சம்மதத்தைக் கேட்பது வழக்கமேயன்றி அவசியமன்று. பத்து மாதம் சுமந்தவளின் மறுப்பு சுவீகாரத்தை அசைக்காது. தாயும் தந்தையும் அன்றி வேறெவரும் பிள்ளையைக் கொடுக்க முடியாதாகையால், பெற்றோரை இழந்த அநாதைக் குழந்தை யாருக்கும் தத்தாக இயலவில்லை. பெண் குழந்தையோ பொதுவாகச் சுவீகாரத்துக்குரியவளாகவே கருதப்படவில்லை. பிள்ளைக்காக ஏங்கிய வீடும் வீட்டுக்காக ஏங்கிய பிள்ளையும் ஒரே நகரத்தில் இருந்தும், இடையில் சட்டம் சுவராய் நின்றது. 1956-ஆம் ஆண்டின் இந்து சுவீகார, ஜீவனாம்சச் சட்டம் விதவைக்குச் சுய உரிமை தந்து, பெண் குழந்தையையும் தத்தெடுக்க இடமளித்து, பெற்ற தாயின் சம்மதத்தையும் அவசியமாக்கிற்று. 1962-இன் திருத்தம், கைவிடப்பட்ட குழந்தையை நியாயஸ்தலத்தின் அனுமதியுடன் பாதுகாவலர் தத்துக் கொடுக்க வழி திறந்தது.

தத்தெடுக்க மனமில்லாதவர்கள் நாடிய வழி இரண்டாந்தாரம். பிள்ளையில்லாத குறை ஆணிடத்தும் இருக்கலாம் என்ற எண்ணமே எழாத காலத்தில், மூத்தவளைத் ‘தொட்டில் ஆடாத வீட்டுக்காரி’ என்று ஊரார் சொல்ல, அவளுடைய தங்கையையோ வேறொரு வறிய வீட்டுப் பெண்ணையோ கணவனுக்கு மணம் முடித்து வைப்பதைக் கருணையான ஏற்பாடு என்றே உறவினர் கருதினர். அதற்கு முடிவு கட்டிய முதல் சட்டங்களுள் ஒன்று பம்பாய் மாகாணம் 1946-இல் இயற்றிய இருதார மணத் தடைச் சட்டம். சென்னை மாகாணம் 1949-இல் அதனைப் பின்பற்றியது. பம்பாய்ச் சட்டத்தை எதிர்த்து நரசு அப்பா மாளி என்பவரின் வழக்கு 1951-இல் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தபோது, புத்திரனின்றிக் கதியில்லை என்று மதம் சொல்லுவதால் புத்திரனுக்காக மறுமணம் செய்வதும் மத சுதந்திரமே என்று வாதிக்கப்பட்டது. பிரதம நீதிபதி எம். சி. சக்லாவும் நீதிபதி கஜேந்திரகட்கரும் அவ்வாதத்தை ஏற்கவில்லை. புத்திரன் அவசியம் என்று சொல்லும் அதே மதம் சுவீகாரத்தையும் அங்கீகரித்திருக்கிறது, ஆகவே ஒரே மனைவியோடு வாழ்ந்தும் வம்சத்தைத் தொடர வழியுண்டு என்று சக்லா எழுதினார். அரசியல் சட்ட மாணவர்கள் இவ்வழக்கை வேறு காரணங்களுக்காகப் படிக்கிறார்கள். பிள்ளையில்லாத மனைவியை ஒதுக்கி வைப்பதற்கு மதத்தின் பெயரால் சொல்லப்பட்ட நியாயத்தைப் பம்பாய் நகரத்து நீதிமன்றம் நிராகரித்த தினம் என்ற முறையிலும் அதனை நினைவில் வைக்க வேண்டும்.

சட்டத்தின் படிகளில் ஏறாதவர்கள் தெய்வத்தின் படிகளில் ஏறினார்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் நெய்யால் மெழுகிப் பிரசாதம் பெற்று வருவதும், சஷ்டி விரதம் காப்பதும், செப்டம்பர் மாதத்தில் பாந்த்ராக் குன்றின் மேலுள்ள மவுண்ட் மேரி ஆலயத் திருவிழாவில், மத பேதமின்றி வந்து நிற்கும் ஜனசமுத்திரத்தின் நடுவே, குழந்தை வடிவில் வார்த்த மெழுகைக் காணிக்கையாக்குவதும், பம்பாய்த் தமிழ்ப் பெண்டிர் அறிந்த வழிகள். அவற்றைப் பரிகசிக்க எவருக்கும் உரிமையில்லை. வைத்திய சாஸ்திரம் அந்நாளில் அவர்களுக்கு அளித்த நம்பிக்கை அதைவிட அதிகமன்று.

வைத்தியத்தின் கவனம் அக்காலத்தில் வேறு திசையில் இருந்தது. ரகுநாத் தோண்டோ கார்வே 1921-இல் கர்ப்பத்தடை நிலையம் ஒன்றைத் திறந்த நகரம் பம்பாய். தன்வந்தி ராமராவ் முதலியோர் 1949-இல் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தை நிறுவியதும், 1952-இல் சர்வதேசக் குடும்பத் திட்ட மாநாடு கூடியதும் இங்கேதான். ஜனத்தொகைப் பெருக்கமே தேசத்தின் பெருங்கவலையாயிருந்த அந்நாட்களில், பிள்ளையில்லாதவர்களின் துயரத்தைச் சர்க்கார் கணக்கில் கொள்ள நியாயம் காணவில்லை. அதிகம் பெறுவோர் நிறைந்த நாட்டில் பெறாதவர் சிலர் இருப்பதில் நஷ்டமென்ன என்ற மனோபாவம், வெளிப்படையாகச் சொல்லப்படாவிட்டாலும், வைத்தியசாலைகளின் ஏற்பாட்டிலேயே புலப்பட்டது. காசநோய் நிறைந்த இந்நகரத்தில் இதன் கொடுமை பெரிது. ‘சால்’ என்னும் நெருக்கமான தொகுப்பு வீடுகளிலும் தாராவிக் குடிசைகளிலும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் காசக்கிருமி, நுரையீரலோடு நில்லாமல் சில பெண்களின் கருக்குழாய்களையும் கர்ப்பப்பையின் உட்சுவரையும் ஓசையின்றி அரித்துவிடுகிறது. இந்தியப் பெண்களின் மலட்டுத்தன்மைக்கு அது முக்கியமான காரணங்களில் ஒன்று. வறுமையின் வியாதி மகப்பேற்றையும் பறிக்கும் விதம் இது.

இந்த நிலையில்தான் பரேலில் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. கருத்தடைச் சாதனங்களைச் சோதிக்கும் சிறு பிரிவாக 1950-களில் தொடங்கி, பின்னர் இனப்பெருக்க ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்த ஸ்தாபனத்தின் விஞ்ஞானி டி. சி. ஆனந்த குமாரும், மாநகராட்சியின் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும் இணைந்து பாடுபட்டதன் பயனாக, 1986-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி அம்மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. உடலுக்கு வெளியே கருத்தரிக்கச் செய்து தாயின் கர்ப்பத்தில் வைத்து வளர்த்த குழந்தைகளில், முறையான விஞ்ஞான ஆவணங்களுடன் இந்தியாவில் பிறந்த முதல் குழந்தை என்று அது கொண்டாடப்பட்டது. பணக்காரர்களின் தனியார் வைத்தியசாலை எதிலுமின்றி, ஆலைத் தொழிலாளர் பேட்டையின் நடுவே, ஏழைகள் வரிசையில் நிற்கும் பொது ஆஸ்பத்திரியில் அது பிறந்தது என்பதை இன்று நினைக்கையில் நெஞ்சம் நிறைகிறது.

அந்த வெற்றிக்கு ஒரு நீதியான பிற்சேர்க்கையும் உண்டு. இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1978 ஜூலையில் பிறந்த சில வாரங்களுக்குள், அதே ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயவின் முயற்சியால் ஒரு குழந்தை பிறந்திருந்தது. சர்க்கார் அமைத்த குழு அவரை நம்ப மறுத்தது. அவமதிப்பும் இடமாற்றமும் அவரை வருத்தின. 1981 ஜூனில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். ஆனந்த குமார் அவருடைய குறிப்புகளை 1997-இல் படித்துப் பார்த்து, இந்தியாவின் முதல் சாதனை கல்கத்தாவில் நிகழ்ந்ததே என்று பகிரங்கமாக எழுதித் தமக்குச் சூட்டப்பட்ட பெருமையைத் தாமே கழற்றி உரியவருக்கு அளித்தார். செய்தவருக்கே சிறப்பு சேர வேண்டும் என்னும் அந்தத் தர்மம், இவ்வரலாற்றின் அடுத்த கட்டத்தில் வந்து நின்ற பெண்களுக்குக் கிட்டவில்லை.

அந்தக் கட்டம் வாடகைத் தாய்மை. பிறவியிலேயே கர்ப்பப்பை இல்லாதவளுக்கும், வியாதியால் அதனை அகற்ற நேர்ந்தவளுக்கும், கரு தங்காமல் மீண்டும் மீண்டும் இழப்பவளுக்கும், இருதய நோயால் பிரசவத்தைத் தாங்க இயலாதவளுக்கும், தம்பதிகளின் சொந்த வித்திலிருந்து உருவான கருவை வேறொருத்தி சுமந்து பெற்றுத் தருவது உண்மையான வழி, அதனைப் பழிப்பதற்கில்லை. சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜின் மருத்துவமனையில் 1994-இல் இம்முறையில் குழந்தை பிறந்தது; குஜராத்தின் ஆனந்த் நகரில் 2004-இல் ஒரு பாட்டி தன் மகளின் இரட்டைக் குழந்தைகளைச் சுமந்து பெற்ற செய்தி உலகெங்கும் பரவியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2005-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சுமப்பவளே சினைமுட்டையும் தரலாகாது என்பது அவற்றுள் ஒன்று. ஆனால் நெறியை மீறினால் தண்டிக்கும் சட்டம் அப்போது ஏதும் இருக்கவில்லை. சட்டமில்லாத அந்த இடைவெளியில், பரேலின் பொது ஆஸ்பத்திரியில் பிறந்த வித்தை, பாந்த்ராவிலும் அந்தேரியிலும் தனியார் நிலையங்களின் பெருவாணிபமாக வளர்ந்தது. அந்நிய நாட்டார் வந்திறங்கும் விமான நிலையமும், மேலான வைத்தியர்களும், பணத்தேவை மிகுந்த ஏழைப் பெண்களும் ஒரே நகரத்தில் கூடியிருந்ததே அதன் காரணம்.

அப்பெண்கள் யார்? நகரத்தின் சேரிகளிலும் புறநகர்க் குடியிருப்புகளிலும் வாழ்ந்து, வீட்டு வேலையிலும் தையல் கூடங்களிலும் உழைத்து, கணவனின் கடனுக்காகவோ ஓர் அறை வீட்டின் முன்பணத்துக்காகவோ பிள்ளைகளின் படிப்புக்காகவோ, தரகு செய்யும் பெண்ணொருத்தியின் பேச்சைக் கேட்டு வந்தவர்கள். ஹார்மோன் ஊசிகளைத் தாங்கி, பல சமயம் தங்கள் குடும்பத்தைப் பிரிந்து, அக்கம்பக்கத்தார் அறியாதபடி நிலையம் ஏற்பாடு செய்த வீட்டில் மாதங்களைக் கழித்து, பெரும்பாலும் வயிற்றை அறுத்தே பிரசவித்து, குழந்தையை ஒப்படைத்துவிட்டுத் திரும்பினார்கள். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பிரதிகூடப் பலரிடம் கொடுக்கப்படவில்லை என்று அக்காலத்தில் கள ஆய்வு செய்தோர் பதிந்திருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் அவர்கள் பெயர் இல்லை. குடும்பத்தின் நன்றியில் அவர்கள் முகவரி இல்லை. இதே வாணிபத்தின் இன்னொரு கிளையில், பழைய பொருள் கிடங்கில் வேலை செய்த 17 வயதுப் பெண் ஒருத்தி, 2010-இல் சினைமுட்டை கொடுத்த ஓரிரு நாட்களில் மாண்டாள். அவளுடைய தாய் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட நேர்ந்தது.

இவ்வாறு பிறந்த பிள்ளைகளின் நிலையும் சிக்கலாயிற்று. தன் நாட்டில் வாடகைத் தாய் முறை மறுக்கப்பட்டிருந்த இஸ்ரேலிய ஆண் இணையர் ஒருவருக்கு 2008-இல் மும்பையில் குழந்தை பிறந்தது உலகச் செய்தியாயிற்று. 2010-இல் இன்னொரு இஸ்ரேலியத் தந்தை, தம் நாட்டு நீதிமன்றம் தந்தைமையை நிரூபிக்கும் சோதனைக்கு இசையாததால், இரட்டைக் குழந்தைகளுடன் இந்நகரத்திலேயே தவித்து நின்றார். ஜப்பானியத் தம்பதிகள் பிரிந்துவிட்டதால் ஆனந்த் நகரில் பிறந்த குழந்தை யாருடையது என்ற வினா 2008-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சட்டக் கமிஷன் இம்முறையைப் பற்றிய தன் 228-வது அறிக்கையை 2009-இல் அளித்தது. இம்முறையை நாடி வரும் அந்நியருக்கான விசா விதிகளை உள்துறை அமைச்சகம் 2012-இல் இறுக்கியது. 2015 இறுதியில் அந்நியருக்கு இவ்வழி முற்றிலும் மூடப்பட்டது. இடையில் வாணிபம் எல்லை தாண்டி நேபாளத்துக்குப் போனது. 2015 ஏப்ரலில் அங்கே பூகம்பம் வந்தபோது, பிறந்த குழந்தைகளை ஏற்றிச் செல்ல இஸ்ரேல் விமானம் அனுப்பியது; அக்குழந்தைகளைச் சுமந்தவர்களில் பலர் இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பெண்கள். அவர்களுக்காக எந்த விமானமும் வந்ததாக வரலாறு சொல்லவில்லை.

சமூகத்தின் கூச்சம் மெல்ல நீங்கியதில் இந்நகரத்துத் திரைக்கலைக்கும் பங்குண்டு. பம்பாய் உயர் நீதிமன்ற வழக்கறிஞரான சம்ருத்தி போரே இயக்கி, தேசிய விருது பெற்ற ‘மலா ஆயி வ்ஹாய்ச்சய்’ என்னும் மராத்திப் படம், சுமந்தவளின் பக்கம் நின்று கதை சொன்னது. 2011 டிசம்பரில் ஆமிர் கானும் கிரண் ராவும் தங்கள் குழந்தை வாடகைத் தாய் மூலம் பிறந்ததை ஒளிக்காமல் அறிவித்தது, ரகசியமாய் இவ்வழியை நாடிய பலருக்குத் தைரியம் தந்தது. நீதிமன்றங்களும் முன்வந்தன. சென்னைத் துறைமுகக் கழகத்தின் பெண் ஊழியர் ஒருவருக்கு, வாடகைத் தாய் மூலம் பெற்ற குழந்தையைப் பேண விடுப்பு உண்டு என்று 2013-இல் நீதிபதி கே. சந்துரு தீர்ப்பளித்தார், பம்பாய் உயர் நீதிமன்றமும் பின்னர் அவ்வழியே சென்று, மத்திய ரயில்வே ஊழியர் ஒருவருக்கு 2016-இல் மகப்பேற்று விடுப்பை வழங்கச் செய்தது. குழந்தையைப் பெறாவிடினும் வளர்ப்பவள் தாயே என்பதை நியாயஸ்தலம் ஒப்புக்கொண்டது மகத்தான விஷயம். பெற்றும் வளர்க்காதவளை எவ்வாறு அழைப்பது, அவளுக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம் என்ற வினா பாக்கியாகவே நின்றது.

அதற்கு விடை சொல்ல வந்தது 2022 ஜனவரி 25-இல் நடைமுறைக்கு வந்த வாடகைத் தாய்மை ஒழுங்குமுறைச் சட்டம். மனைவிக்கு 23 முதல் 50, கணவனுக்கு 26 முதல் 55 என்று வயது வரம்பு, மாவட்ட மருத்துவக் குழுவின் சான்று, மாஜிஸ்திரேட்டின் ஆணை, சுமப்பவள் மணமானவளாய், சொந்தக் குழந்தை உடையவளாய், 25 முதல் 35 வயதுக்குள் இருத்தல், வாழ்நாளில் ஒருமுறைக்கு மேல் சுமக்காமை, அவளுக்கு 36 மாதக் காப்பீடு, கருவை வைக்கும் முன்னர் மனம் மாறினால் விலகும் உரிமை என்று அது வரையறுக்கிறது. மருத்துவச் செலவும் காப்பீடும் விதிகள் சொல்லும் செலவுகளும் தவிர, கூலி என்று எதுவும் தரலாகாது. மீறினால் 10 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தரகர் ராஜ்யத்தை ஒழித்ததற்காக இச்சட்டத்தைப் போற்றுகிறேன். ஆயினும், 2017-இல் பாராளுமன்ற நிலைக்குழு, சுமப்பவளுக்கு நியாயமான ஈடு தர வேண்டும் என்று பரிந்துரைத்ததை ஏற்காமல் விட்டதை என்னால் போற்ற இயலவில்லை. வைத்தியருக்கு ஊதியம் உண்டு, ஆய்வகத்துக்குக் கட்டணம் உண்டு, சான்று எழுதும் வக்கீலுக்கும் சன்மானம் உண்டு. உயிரைப் பணயம் வைத்து ஒன்பது மாதம் சுமப்பவள் ஒருத்தி மட்டுமே தியாகத்தால் திருப்தியடைய வேண்டும் என்பது தர்மமாகாது. குடும்பத்துக்குள் கூலியின்றிச் சுமக்க இசையும் நாத்தியோ ஓரகத்தியோ மனமுவந்து இசைந்தாளா, மாமியாரின் சொல்லுக்கு அஞ்சி இசைந்தாளா என்பதை எந்த மருத்துவக் குழு அறியும்?

மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் பக்கத்திலேயே நிற்கும் சயான் ஆஸ்பத்திரி இதற்கு ஒரு வழிகாட்டியாக எனக்குத் தோன்றுகிறது. அங்கே 1989-இல் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை அமைத்தார். பால் சுரப்பு மிகுந்த தாய்மார் தந்த பாலைச் சுத்திகரித்து, குறைமாதத்தில் பிறந்து தாய்ப்பால் கிட்டாத சிசுக்களுக்கு ஊட்டுகிறார்கள். கொடுப்பவள் தன் குழந்தைக்குப் போக மிஞ்சியதையே கொடுக்கிறாள்; முதலில் அவளுடைய உடல்நிலை பார்க்கப்படுகிறது; தரகர் இல்லை; ஒளிவு இல்லை; பொது நிர்வாகத்தின் கண்முன்னே எல்லாம் நடக்கிறது. பாலைக் கொடுப்பதும் கர்ப்பத்தைச் சுமப்பதும் ஒன்றல்ல. பின்னதன் அபாயமும் பாரமும் பன்மடங்கு பெரியவை. ஆனால் ஒரு பெண்ணின் உடல் இன்னொருத்தியின் குழந்தைக்கு உதவும்போது, உதவுகிறவளின் நலனை முதலில் வைத்து அதனை நடத்த முடியும் என்பதை அந்த ஆஸ்பத்திரி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிரூபித்து வருகிறது.

ஆகவே பிள்ளையில்லாத தம்பதிகளுக்கு வாடகைத் தாய் முறை ஒரு வழியா என்று கேட்பவர்க்கு, ஆம், அது வழிதான் என்று இந்நகரத்தின் வரலாற்றை வைத்துச் சொல்லலாம். தத்தும் வழியே, வீட்டுக்காக ஏங்கும் குழந்தையை முதலில் எண்ணிப் பார்க்குமாறு அவர்களை வேண்டுவேன். எவ்வழியாயினும், சுமப்பவளுக்கு ஈடும், பிரசவத்துக்குப் பின்னும் நீடிக்கும் வைத்தியமும், ஒப்பந்தத்தின் பிரதியும், மறுக்கும் சுதந்திரமும், குழந்தையின் வரலாற்றில் ஒரு பெயரும் கிடைக்க வேண்டும். இந்நகரத்தின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது போன்ற மாநகராட்சி மருத்துவமனைகளிலேயே இந்தச் சிகிச்சையும் ஏழைக்கும் எட்டும்படி நிலைபெற வேண்டும். காசநோயால் மகப்பேற்றை இழந்த தாராவிப் பெண்ணும் இந்நகரத்தின் தாய்மாரில் ஒருத்தியாக வாழத் தகுதியுடையவளே. தமிழ் விதவையின் சுவீகார உரிமைக்கு 1956 வரையும், மூத்த மனைவியின் மானத்துக்கு 1946 வரையும் காத்திருந்த பம்பாய், கர்ப்பம் சுமந்தவளின் உரிமைக்கு இன்னும் ஒரு தலைமுறை காத்திருக்கலாகாது.